மூன்று தொட்டியா, பழைய பேப்பர் லோரியா, உரவாளியா?

எங்கள் அடுக்குமாடியின் ஆண்டுக்கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அடிக்கடி நின்றுபோகும் லிஃப்ட், மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம், பராமரிப்புக் கட்டணப் பாக்கி என்று வழக்கமான தலைவலிகளுக்குக் கீழே இந்த முறை ஒரு புது வரி: 'மறுசுழற்சித் திட்டம் – முடிவெடுக்க.' நோட்டீஸ் ஒட்டிய இரவே வாட்ஸ்அப் குழு சூடாகிவிட்டது.

"பிரிச்சு வச்சு என்ன பண்ண? லோரிக்காரன் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் அள்ளிப் போடப் போறான்" என்றார் ஆறாவது மாடி அண்ணன். "கோலாலம்பூர்ல சட்டமே வந்தாச்சு, பினாங்குல நாம இன்னும் பேசிக்கிட்டே இருக்கோம்" என்றார் ஓர் ஆசிரியை. நடுவில் யாரோ ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பினார்கள், இரவு பத்தரைக்கு.

நிர்வாகக் குழுவில் நானும் இருப்பதால் இரு பக்கத்தையும் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் முன் இருக்கும் வழிகள் நான்கு: இப்படியே விட்டுவிடலாம், கீழே மூன்று நிறத் தொட்டி வைக்கலாம், மாதம் ஒரு நாள் எல்லாரும் கொண்டுவந்து கொடுக்க, பழைய சாமான் எடுப்பவரை வரவழைத்து விற்கலாம், சமையலறைக் கழிவை உரமாக்கலாம்.

முதலில் அந்தச் சட்டம். ஆசிரியை சொன்னது சரிதான். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு நிர்வாகச் சட்டத்தின் கீழ், கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். 2016 ஜூன் 1 முதல் அபராதமும் சேர்ந்துகொண்டது. தரைவீட்டுக்காரர் முதல் முறை பிடிபட்டால் 50 வெள்ளி (ரிங்கிட்), அடுத்து 100, மூன்றாவது 500. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை லோரி, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் பழைய மெத்தை, நாற்காலி போன்ற பெரிய சாமானுக்கும். என் அக்கா செத்தாப்பாக்கில் தரைவீட்டில் இருக்கிறார். அவருக்கு இது பல் விளக்குவது மாதிரி பழகிவிட்டது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. ஆனால் மாநில அரசு 2016இல் தன் சொந்தப் பிரிப்புக் கொள்கையைத் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் பை விஷயத்தில் நாங்கள்தான் முன்னோடி: 2009இல் வாரத்தில் ஒரு நாள் என்று ஆரம்பித்து, 2011 முதல் எல்லா நாளும் இலவசப் பை கிடையாது. ஆகவே 'சட்டம் இல்லை' என்பதை ஒரு வாதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் மறுசுழற்சி விகிதம் 2022இல் 33.17 விழுக்காடு, 2025க்கு வைத்த இலக்கு 40.

இப்படியே விட்டுவிடுவதில் வசதி உண்டு, அதை மறைக்க வேண்டாம். எங்கள் வீடுகள் 700 சதுரஅடி. சமையலறையில் கேஸ் தோம்புக்கும் அரிசி வாளிக்கும் நடுவே இன்னும் மூன்று வாளி வைக்க எங்கே இடம்? கழுவாத சார்டின் டின்னை ஒரு வாரம் வைத்தால் கரப்பான்பூச்சி குடும்பத்தோடு வந்துவிடும். வேலைக்குப் போய்வரும் பெண்ணின் தலையில்தான் கடைசியில் இந்த வேலையும் விழும். கூட்டத்தில் இதைச் சொல்லப் போவது பெண்கள்தான், ஆமோதித்துத் தலையாட்டப் போவது ஆண்கள்தான். பார்க்கத்தானே போகிறோம்.

ஆனால் இந்த வழியில் நம் குப்பை எங்கே போகிறது என்று ஒரு தடவை யோசிக்கலாம். பினாங்குத் தீவில் சேரும் குப்பை, 'பத்து மாவோங்' என்ற இடத்தில் குப்பையைச் சேர்த்து மாற்றி அனுப்பும் நிலையத்துக்குப் போய், கடல் தாண்டி, பெருநிலத்தில் நிபோங் தெபால் பக்கம் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேட்டில் கொட்டப்படுகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்தது. ஒரு நாள் இரண்டு நாளில் அணையவில்லை. சுற்றியுள்ள கிராமங்களை நச்சுப் புகை சூழ்ந்தது. ஆட்களை இடம் மாற்ற வேண்டி வந்தது. நம் ஆட்கள் இருக்கும் பைராம் தோட்டமும் அந்தப் பக்கம்தான். நாம் லிஃப்டில் இறக்கிவிட்ட பை இன்னொரு தமிழர் வீட்டு வாசலில் புகையாகப் போய் நிற்கிறது. தீவுக்குள்ளேயே ஜெலுத்தோங் மேடு 2020இல் எரிந்ததை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டோம்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் மறுசுழற்சிக்குப் போட்டுவிடலாமா? இங்கேதான் ஆறாவது மாடி அண்ணனின் பக்கம் நான் கொஞ்சம் சாய்கிறேன்.

பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் 9 விழுக்காடுதான் மறுசுழற்சியானது என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. பாக்கி பெரும்பகுதி மண்ணிலும் கடலிலும். 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவைச் சாத்தியதும் பணக்கார நாடுகளின் குப்பை நம் துறைமுகங்களுக்குத் திரும்பியது. அனுமதி இல்லாத ஆலைகள் முளைத்தன. நமக்குப் பக்கத்தில் சுங்கை பட்டாணியில், இரவானால் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வருகிறது என்று மக்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் அன்றைய அமைச்சர் இயோ பீ யின், 150 கொள்கலன் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அறிவித்தார். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் பொறுப்பாகக் கழுவிப் பிரித்துப் போட்ட தயிர் டப்பா, சுங்கை பட்டாணிக் குழந்தையின் மூச்சில் கலந்திருக்கலாம். 'மறுசுழற்சி' என்ற வார்த்தையைக் கேட்டவுடன் கும்பிடு போடாமல் இருக்க இது ஒன்றே போதும் எனக்கு.

அதற்காகப் பிளாஸ்டிக் முழுவதும் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். தண்ணீர் போத்தலில் 1, சவர்க்காரம், ஷாம்பு போத்தலில் 2, பல சாப்பாட்டு டப்பாக்களில் 5. இந்த மூன்றுக்கும், கழுவிக் கொடுத்தால், வாங்க ஆள் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் கதை. மாமாக் கடையில் சிவப்புக் கயிறு கட்டிக் கொடுக்கும் தே ஐஸ் பை, மசாலாத்தூள் பொட்டலம், மெகி பாக்கெட், முறுக்கு வந்த பளபளப்பு உறை: இவற்றை யாரும் வாங்குவதில்லை. உறைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. மனச்சாட்சிக்காக இவற்றையும் மறுசுழற்சித் தொட்டியில் போடுகிறவர், நல்லதையும் சேர்த்துக் கெடுக்கிறார். குப்பையைக் குப்பை என்று ஒப்புக்கொண்டு குப்பையில் போட்டுவிடலாம். பாவமில்லை.

உலோகத்தில் விவாதத்துக்கே இடமில்லை. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதுசாக்க, மண்ணிலிருந்து எடுத்துச் செய்வதைவிட ஏறக்குறைய 95 விழுக்காடு குறைவான ஆற்றல் போதும். அந்த மண்தான் பாக்சைட்; குவாந்தானில் அதைத் தோண்டியபோது சாலையும் வீடும் சிவந்துபோய், 2016 ஜனவரியில் அரசாங்கம் தோண்டுவதை நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கலாம். டின்னை நசுக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

காகிதம்தான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. போன வருஷம் ஐந்து மாதப் பேப்பரும் ஷாப்பி அட்டைப் பெட்டிகளும் சேர்த்துப் பின்கட்டில் அடுக்கியிருந்தேன். இப்போதெல்லாம் நாளிதழைவிட அட்டைப் பெட்டிதான் வீட்டில் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒலிபெருக்கியில் "சூராட் காபார் லாமா... பெசி பூரோக்..." (பழைய பேப்பர், பழைய இரும்பு) என்று மலாயில் கூவிக்கொண்டு அந்தப் பழைய லோரி வந்தது. பதினைந்து வருஷமாக அதே குரல், அதே பதிவு. பெட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்தேன். லோரிக்கார அங்கிள் மேல்கட்டைத் தூக்கினார், முகர்ந்தார், நடுவிலிருந்து இரண்டு பேப்பரை உருவினார். மஞ்சளாக எண்ணெய் ஊறியிருந்தது. பையன் கடையில் புங்குஸ் (பொட்டலம்) பண்ணிக்கொண்டு வந்த மீன்குழம்புப் பையை யாரோ அதன் மேல் வைத்திருக்கிறார்கள். "இனி தா போலே லா" என்று, இது ஆகாது என்பதை மலாயில் சொல்லிவிட்டு, மேலே இருந்த நல்ல அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். எண்ணெய் பட்ட காகிதத்தைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கும்போது எண்ணெய் பிரிந்து போகாது. அதனால் ஆலையில் வாங்க மாட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு பை குழம்பு போதுமாயிருந்தது.

கீழே மூன்று தொட்டி என்ற யோசனைமீது எனக்கு நம்பிக்கை போனதற்கும் இதே காரணம்தான். நீலத்தில் காகிதம், பழுப்பில் கண்ணாடி, ஆரஞ்சில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் என்பது நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிவது வேறு, போடுவது வேறு. முன்பு நான் வாடகைக்கு இருந்த இடத்தில் அழகாக மூன்று தொட்டி வைத்தார்கள், ரிப்பன் வெட்டிப் படம் எடுத்தார்கள். இரண்டாவது வாரம் நீலத் தொட்டியில் பிள்ளைக் கச்சை கிடந்தது. யார் போட்டது என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில் தொட்டிக்கு என்ன நிறம் அடித்தால் என்ன? நாறத் தொடங்கியதும் காவலாளி மூன்றையும் பொதுக் குப்பையில் கொட்டினார். அதை மேல்மாடியிலிருந்து பார்த்தவர்கள்தான் "பாத்தியா, எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுறான்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காவலாளி வேறு என்ன செய்திருக்க முடியும்?

மாதம் ஒரு நாள் விற்பது இதற்கு எவ்வளவோ மேல். காரணம் எளிமையானது: கொடுப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். குழம்பு ஊறிய பேப்பரை நீட்ட யாருக்கும் முகம் வராது. வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குவதால், ஆகாததை அங்கேயே தள்ளிவிடுவார்; எங்கே போகிறதோ என்ற சந்தேகமும் பாதி குறையும்.

வருமானம் என்று பெரிதாகக் கனவு காண வேண்டாம். ஓர் அலுமினிய டின் சுமார் 14 கிராம், கிலோவுக்கு எழுபது டின். எங்கள் 84 வீட்டில் வீட்டுக்கு வாரம் மூன்று டின் என்று வைத்தால் மாதம் ஆயிரம், அதாவது 14 கிலோ. விலை ஏறும் இறங்கும். கிலோ நாலு வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும் 56 வெள்ளி. அட்டையும் போத்தலும் சேர்த்து இன்னும் கொஞ்சம். அதற்காக நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பொருளாளர் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தக் காசைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, பொங்கலுக்கோ பிள்ளைகளின் விளையாட்டு நாளுக்கோ செலவழித்தால் வீட்டுக்கு ஒரு பிள்ளை அம்மாவைப் பிடுங்கி எடுக்கும். விற்க வேண்டாம், ஏதாவது தொண்டு அமைப்புக்குக் கொடுப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். பௌத்த அமைப்பான சூ சியின் தொண்டர்கள் பினாங்கில் பல வருஷமாகப் பழைய பொருளைச் சேகரித்துப் பிரிக்கிறார்கள். எனக்கு அதிலும் ஆட்சேபணை இல்லை.

இந்த விற்பனை நாளில் சேர்க்க வேண்டிய ஒன்று பழைய சமையல் எண்ணெய். அதற்கும் வாங்குபவர்கள் உண்டு. பயோடீசலாக, இப்போது விமான எரிபொருளாகவும் போகிறது. தீபாவளி முறுக்குச் சுட்ட எண்ணெயை சிங்கில் ஊற்றிவிட்டுக் குழாய் அடைத்துக்கொண்டதும் பிளம்பருக்கு 150 வெள்ளி அழுதவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார். ஆற வைத்து, வடிகட்டி, வந்த போத்தலிலேயே ஊற்றி மூடி வைத்தால் போதும். பழைய போன், பேட்டரி மட்டும் இதோடு கலக்க வேண்டாம். அது சட்டப்படி அபாயக் கழிவு வகை, நசுங்கினால் தீப்பிடிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நாம் பேசியது குப்பையின் சின்னப் பாதியைத்தான். 2012இல் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. பிளாஸ்டிக் 13.2, பிள்ளைக் கச்சை 12.1, காகிதம் 8.5. இரண்டு வாரம் என் வீட்டுப் பைகளைத் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். சாம்பார் வைத்த நாளிலெல்லாம் பாதியைத் தாண்டியது. முருங்கைக்காய்ச் சக்கை, வெங்காயத் தோல், பால் பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைத் தூள், மிஞ்சிய சோறு. லிஃப்டில் சொட்டுவதும் இதுதான், எலியைக் கூப்பிடுவதும் இதுதான், காகிதத்தையும் போத்தலையும் கெடுப்பதும் இதுதான். மேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயுவை விடுவதும் இதுதான். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். ஆக, ஈரத்தை முதலில் பிரித்தால் மற்றதெல்லாம் தானாகவே சுத்தமாகும். பிளாஸ்டிக்கில் ஆரம்பித்துச் சண்டை போடுவதால்தான் எங்கள் வாட்ஸ்அப் குழு எங்கேயும் போய்ச் சேரவில்லை.

உரவாளி பெரிய வித்தையில்லை. பக்கங்களில் துளை போட்ட பழைய பெயிண்ட் வாளி, அடியில் ஒரு தட்டு. ஒரு கைப்பிடி ஈரக்கழிவுக்கு இரண்டு கைப்பிடி உலர்ந்தது: தென்னை நார்த்தூள், சருகு, கிழித்த அட்டை. மேலே எப்போதும் உலர்ந்த அடுக்குதான் தெரிய வேண்டும். வாரம் இருமுறை கிளற வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் நார்த்தூள் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வாளி மூன்றில் ஒரு பங்காக வற்றி, மழைக்குப் பிந்தைய மண் மாதிரி வாசம் வரும். என் பால்கனிக் கறிவேப்பிலைக்கு அதைத்தான் போடுகிறேன். வெள்ளிக்கிழமை கறிவேப்பிலை வாங்குவதை நிறுத்தி எட்டு மாதமாகிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மீன்முள், கோழி எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு இதில் போகாது. போட்டால் புழு நிச்சயம். நம் வீட்டில் மிஞ்சுவதில் கனமானது அதுதானே. மூடிய வாளியில் நொதிக்க வைக்கும் பொகாஷி முறையில் அதையும் போடலாம், ஆனால் இரண்டு வாரம் கழித்து மண்ணில் புதைக்க வேண்டும். ஒன்பதாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? பினாங்கில் பிரபலமான 'என்சைம்' பற்றியும் கேட்டிருப்பீர்கள்: வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்து பங்கு, மூன்று மாதம். தரை துடைக்க நல்லது என்கிறார்கள். பழத்தோலைக் காப்பாற்ற வெல்லம் வாங்குவது எனக்கு என்னமோ ஒப்பவில்லை.

மண்ணுக்கு வழி சொன்னது நாலாவது மாடி ஆச்சிதான். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், வேலியோரம், யாரோ நட்டு விட்ட வாழைத் திட்டு ஒன்று இருக்கிறது. "தோட்டத்துல இருந்தப்ப எல்லாம் வாழைக்கு அடியிலதான்யா போவும். ஒரு முழம் தோண்டிப் போட்டு மண்ண மூடு. நாய் தோண்டாம மேல ஒரு பலகைய வை" என்றார். சருகும் நார்த்தூளும் இரண்டு வாளியும் மண்வெட்டியும் வைக்க அங்கே இடமிருக்கிறது. விருப்பமுள்ள பத்து வீடு போதும், எல்லாரையும் இழுக்கத் தேவையில்லை. மற்றவர்கள் ஒன்று செய்தால் நல்லது: ஈரக்கழிவைச் சல்லடையில் வடித்து, தண்ணீர் போன பிறகு தனிப் பையில் கட்டிப் போடட்டும். லிஃப்டாவது பிழைக்கும்.

ஆகவே கூட்டத்தில் நான் முன்மொழியப் போவது மூன்று தொட்டி இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை விற்பனை நாள். டின், 1, 2, 5 எண் போத்தல், சுத்தமான காகிதம், அட்டை, பழைய எண்ணெய் மட்டும். கண்ணாடிக்கு அங்கிள் வேண்டாம் என்கிறார், அதனால் ஜாம் போத்தலை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். வாழைத் திட்டில் ஆறு மாதச் சோதனை. கணக்கு டப்பா பொருளாளரிடம்.

நேற்று லிஃப்டில் ஆறாவது மாடி அண்ணனைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"விற்கிறதெல்லாம் சரி. வாழைக்குழி நாறுச்சுன்னா வாளியோட தூக்கிட்டு வந்து உங்க வீட்டு வாசல்லதான் வைப்பேன்."

"வைங்கண்ணே" என்றேன். "மூடி போட்டு வைங்க."